வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்

1. நான்கு கட்டில்கள்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பிரசவ வார்டு வாசலில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அகரத்திலிருந்து ஆட்டோவில் வந்தவள், நிறைமாதம். வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. வார்டு பொறுப்பு நர்ஸ் ஜெசிந்தா அக்கா அவள் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கட்டில் இல்லப்பா. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு. ஆட்டோவ அனுப்பிறாத, அதுலயே போ."

"இங்கனதேன் மாசாமாசம் காட்டுனோம் சிஸ்டர். இப்பப் போயி அங்க போன்னா எப்பிடி?"

"தரையிலயா படுக்க வைக்கச் சொல்ற? இல்லாததுக்கு நான் என்ன செய்ய?"

நான் ஜெசிந்தா அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வார்டு முழுவதும் தெரியும். நான்கு கட்டில்களில் இருந்தவர்களுக்கு டாக்டர் ரவுண்ட்ஸிலேயே டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார். நான்கு பேரும் தலைவாரிப் பூ வைத்து, வீட்டிலிருந்து வந்த சேலையைக் கட்டிக்கொண்டு, குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலில் செருப்புகூடப் போட்டாயிற்று. ஆனால் ஒருத்தி நகர வேண்டுமே! பஸ் கிளம்புவதற்காக ஸீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல அப்படியே இருந்தார்கள்.

அகரத்துப் பெண்ணை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார்கள். அன்று சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அது தெரியாதே. ஆட்டோ கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அது போனபிறகு ஒரே கேள்விதான் மண்டைக்குள் நின்றது. இந்த நான்கு பேரும் ஏன் போகவில்லை?

இன்று ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எங்கிருந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வேன்.

2. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று மூன்று வருடப் பட்டப்படிப்பு ஆரம்பித்தார்கள். நாங்கள்தான் முதல் செட். எனக்கு ப்ளஸ் டூவில் டாக்டருக்குப் போகிற மார்க் இல்லை. பி.காம். போக மனதில்லை. விண்ணப்பத்தில் 'ஆஸ்பத்திரி' என்ற சொல்லைப் பார்த்ததும் இதில் என்னதான் சொல்லித்தருவார்கள் என்று ஆசை வந்துவிட்டது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

சேர்ந்த பிறகுதான் தொல்லை. தெருவில் யார் கேட்டாலும் விளக்கம் சொல்லி மாளாது. நாங்கள் பேகம்பூர்க்காரர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், "நூரு, எனக்கு ரெண்டு நாளா தலை சுத்துது, என்ன மாத்திரை போடலாம்?" என்பார்கள். நான் நர்ஸ் படிப்பு படிக்கவில்லை என்றால், "அப்ப ஊசி போடத் தெரியாதா?" என்று முகம் சுளிப்பார்கள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை என்றால் அவர்களைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரியில் மிச்சம் இருப்பது கூட்டிப் பெருக்குகிற வேலைதான்.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவுக்குத் தோல் மண்டி. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஆட்டுத்தோல் வாங்கி, உப்புப் போட்டு, தரம் பிரித்து, தோல் பதனிடும் டேனரிகளுக்கு அனுப்புவார். அதிகம் படிக்காதவர். ஆனால் எதையும் புரியாமல் ஒத்துக்கொள்ள மாட்டார். முதல் வருடம் முடிகிற சமயத்தில் வத்தலக்குண்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். அம்மாவுக்கு முடித்துவிட வேண்டும் என்று துடிப்பு. அத்தா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"ஏம்மா, நான் படிப்புக்குக் குறுக்க நிக்கிற ஆளு இல்ல. ஆனா என்ன படிப்புன்னு தெரியாம நான் எப்பிடி அவுகளக் காத்திருக்கச் சொல்றது? நீ சொல்லு. படிச்சிட்டு அங்க போயி என்ன செய்வ?"

"ஆஸ்பத்திரிய நிர்வாகம் பண்ணுவோம் அத்தா."

"அதத்தான் டாக்டரு பண்றாரே?"

"டாக்டரு வைத்தியம் பாப்பாரு. நாங்க மத்ததெல்லாம்..."

"மத்ததுன்னா?"

புத்தகத்தில் படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். பெட் டர்ன்ஓவர், பெட் ஆக்குபன்சி, ஆவரேஜ் லெங்த் ஆஃப் ஸ்டே. அத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் பரிட்சைக்கு. எனக்கு வேலையச் சொல்லு" என்றார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். அந்த லீவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பயிற்சி போட்டிருந்தார்கள். பயிற்சி முடியும்போது அத்தா நேரில் வருவார். நான் அங்கே என்ன செய்தேன் என்று அவருக்குப் புரிகிற மாதிரி காட்ட வேண்டும். புரிந்தால் மீதி இரண்டு வருடமும் படிக்கலாம். புரியவில்லை என்றால் வத்தலக்குண்டுக்குச் சரி சொல்லிவிடுவார். அத்தா சொன்னால் சொன்னதுதான். கோபத்தில் சொன்னதாக இருந்தால்கூடப் பிறகு கெஞ்சி மாற்றலாம். அவர் நிதானமாகச் சொல்லிவிட்டார். நான் பயந்துபோனேன்.

பயிற்சியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த அகரத்துப் பெண் வந்து போனாள்.

3. "ஆட்டோ வரலை"

எங்கள் பாடப்புத்தகத்தில் டிஸ்சார்ஜ் தாமதத்துக்கு ஒரு அத்தியாயம் உண்டு. அதன்படி காரணம் மூன்று. பில் போடத் தாமதம், மருந்து கொடுக்கத் தாமதம், டாக்டர் எழுதத் தாமதம். நான் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பில் கவுண்டரில் போய் உட்கார்ந்தேன். பில் போட்டு முடித்துவிட்டு ஆளைக் காணோமே என்று அவர்கள்தான் வார்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மருந்தும் கட்டி வைத்தாயிற்று. புத்தகம் அதோடு முடிந்துவிட்டது.

சரி, கேட்டுவிடுவோம் என்று கட்டில் கட்டிலாகப் போனேன்.

"கிளம்பலயாக்கா?"

"ஆட்டோ வரலை."

ஆட்டோக்கள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன.

"நீங்க?"

"எங்க வீட்டுக்காரரு வரணும்."

வீட்டுக்காரர் வராந்தாவில் பீடிக்கட்டைத் தேடிக்கொண்டு நின்றார்.

"நீங்கம்மா?"

"செத்த நேரம் இருந்துட்டுப் போறோம் தாயி. பச்சப் பிள்ள, வெயிலா இருக்குல்ல."

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், அதே அம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கிப் போனார். நான்கு கட்டிலும் ஒரே சமயத்தில் காலி. எனக்குத் தலை சுற்றியது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. எல்லா நாளும் இப்படி இல்லை. திங்கட்கிழமை எழுதியவுடன் கிளம்பிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை யாரும் கிளம்புவதே இல்லை. ஏதாவது வலி, தலைசுற்றல் என்று சொல்லி ஒருநாள் கூட்டிக்கொள்வார்கள். புதன்கிழமை பன்னிரண்டுக்குள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அப்போது போகாதவர்கள் ஒன்றரை மணிவரை அசையமாட்டார்கள். வியாழன் வேறு மாதிரி, வெள்ளி வேறு மாதிரி.

இதைப் படிக்கும் நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வீர்கள். சிரிக்கலாம். எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்கும், ஆனால் அதில் நாங்கள் தேதி மட்டும்தான் பார்ப்போம். தொழுகை நேரத்துக்குப் பள்ளிவாசல் அட்டை தனி. ராகு காலம் என்ற வார்த்தை தெரியும். அது எந்தக் கிழமைக்கு எப்போது வரும் என்பது எனக்கு எதற்கு? ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களோ கன்னியாஸ்திரிகள். அவர்களுக்கும் அது வேண்டாத சங்கதி.

வார்டில் இருந்தவர்களுக்கோ நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சுவரில் சிலுவை தொங்குகிறது, மதர் நடந்து வருகிறார், பக்கத்தில் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் நின்று கேள்வி கேட்கிறாள். எங்களிடம் போய் ராகு காலம் என்று சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்துவிட்டார்கள். ஆட்டோ வரவில்லை என்று பொய் சொன்னது எங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான்.

4. டீக்கடை பெஞ்சு

அடுத்த வெள்ளிக்கிழமை நான் சீக்கிரமே போய்விட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் ஆட்கள் யாரும் இல்லை, பைகள் உட்கார்ந்திருந்தன. ஒரு வயர் கூடை, ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பை, துணியில் சுற்றிய பாய் ஒன்று, ஃப்ளாஸ்க். காலங்காலையில் இதையெல்லாம் யார் வைத்துவிட்டுப் போனது? நான் அங்கேயே நின்றேன்.

செத்த நேரத்தில் எரியோட்டிலிருந்து வந்திருந்த பேச்சியம்மா இன்னொரு பையோடு வந்தார். மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்து அதே வார்டில் இருந்தாள். பேச்சியம்மா பையைப் பெஞ்சில் வைத்தார். தொட்டுக் கும்பிட்டார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்னம்மா, இன்னிக்குப் போறீங்களா? டாக்டரு இன்னும் எழுதலையே."

"எழுதுவாருன்னு நர்சம்மா நேத்தே சாடையாச் சொல்லுச்சு தாயி. அதேன் பைய எடுத்து வச்சிட்டேன்."

"பைய எதுக்கு இங்க வைக்கிறீங்க? உள்ளயே இருக்கட்டுமே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று முகத்திலேயே தெரிந்தது.

"கோவிச்சுக்க மாட்டியே? மதர்கிட்டப் போயிச் சொல்லிறாத."

"சொல்ல மாட்டேன்."

"பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருது. பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு அதுல எப்பிடி வாசப்படி தாண்டுறது? நல்ல நேரத்துல பைய வெளிய வச்சிட்டா கிளம்புன கணக்குத்தேன். அப்பறம் ஆளு எப்ப வேணாலும் போய்க்கிரலாம்."

"அப்ப பை வைக்காதவங்க?"

"அவுக பாவம். பன்னெண்டு வரைக்கும் உக்காந்து கெடக்க வேண்டியதுதேன். முன்னக்கூட்டித் தெரிஞ்சாத்தானே வைக்க முடியும்? தெரிஞ்சாலும் ரோட்டுல பைய வச்சிட்டுப் போக எல்லாருக்கும் தைரியம் வருமா?"

நான் அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளாத குறைதான். அன்றைக்கு ரவுண்ட்ஸ் முடியும்வரை வார்டிலேயே நின்றேன். பேச்சியம்மாவின் மகள் பில் வந்த உடனே, பத்தே முக்காலுக்குக் குழந்தையோடு இறங்கிப் போனாள். டீக்கடையில் பை வைத்திருந்த மற்றவர்களும் போனார்கள். பை வைக்காத மூன்று பேர் செருப்புப் போட்டுக்கொண்டு பன்னிரண்டுவரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து வந்த நாட்களிலும் இதையே கவனித்தேன். காலண்டரை ஜெசிந்தா அக்காவிடம் வாங்கிப் பார்த்துக்கொண்டேன். பிசகவே இல்லை. செவ்வாய்க்கு மட்டும் ராகு காலம் கணக்கில்லை, அந்தக் கிழமையே ஆகாதாம்.

ஒரு விஷயம் இப்படிப் பிடிபடும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை எந்தப் பரிட்சை மார்க்கும் கொடுத்ததில்லை.

5. மதர் சொன்னது

மதர் ஆக்னஸ்தான் ஆஸ்பத்திரியின் தலைமை. திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், பேச்சில் ஊர் மணம் இருக்கும், ஆனால் வார்டுக்குள் வந்தால் ஃபேன்கூட மெதுவாகச் சுற்றுவதாக நர்ஸுகள் சொல்வார்கள். நான் போய் இரண்டு யோசனை சொன்னேன். டிஸ்சார்ஜ் ஆகப்போகிறவர்களிடம் முதல்நாள் சாயங்கால ரவுண்ட்ஸிலேயே சொல்லிவிட வேண்டும். வார்டு வாசல்படிக்கு வெளியே, வாட்ச்மேன் கண்ணில் படுகிற மாதிரி, பை வைக்க ஒரு பெஞ்சு போட வேண்டும்.

"எதுக்குப் பெஞ்சு?"

காரணத்தைச் சொன்னேன். பேச்சியம்மா பெயரை மட்டும் சொல்லவில்லை. மதர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது சேசுவோட ஆஸ்பத்திரியா, ஜோசியரோட ஆஸ்பத்திரியா?"

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்குப் பெஞ்சு கேப்ப. நாளைக்கு ஜோசியருக்கு ஒரு ரூம் கேப்பியா? நீ முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. ஒனக்கே இது தப்பாத் தெரியலையா?"

"மதர், ரெண்டு வாரத்துக்கு முன்னால அகரத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. வலியோட. கட்டில் இல்லைன்னு திருப்பி அனுப்புனோம். அப்ப நாலு பேரு டிஸ்சார்ஜ் ஆகி உக்காந்திருந்தாங்க."

"அவங்கள எறங்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா எறங்குவாங்களா மதர்?"

மதர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வராந்தாவுல பெஞ்சு போடறதுல பாவம் ஒண்ணும் இல்ல" என்றார். "பை வைக்கிற பெஞ்சு. அம்புட்டுதான். எதுக்குன்னு என்கிட்ட யாரும் வந்து விளக்கம் சொல்லக்கூடாது. முக்கியமா நீ."

6. மாறிப்போன பை

பெஞ்சு வந்த முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. ஒரே ஜவுளிக்கடைப் பை மூன்று வரிசையாக இருந்ததில், வேடசந்தூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று அடுத்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பைக்குச் சொந்தக்காரப் பாட்டியம்மா வார்டு வாசலில் நின்று போட்ட சத்தத்தில் ஓ.பி. வரை எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். பிள்ளை மாறிவிட்டதாக்கும் என்று ஒரு வதந்தி கிளம்பி, ஜெசிந்தா அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. மாறியது நாலு சட்டையும் ஒரு பவுடர் டப்பாவும்தான். மறுநாள் பை திரும்பி வந்தது. ஆனால் மதர் என்னைப் பார்த்த பார்வையில் பெஞ்சு அன்றோடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பையிலும் கட்டில் எண் எழுதிய பிளாஸ்திரி ஒட்டினோம். ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற அதே பிளாஸ்திரி. இந்தக் கோர்ஸில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

7. அத்தா வந்த வெள்ளிக்கிழமை

பயிற்சியின் கடைசி வாரம் அத்தா வந்தார். ஜும்மா தொழுகைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை காலையிலேயே, சலவை வேட்டி சட்டையில், அத்தர் வாசனையோடு வந்தார். நான் மேல்மாடியில் இருந்தேன். தகவல் வந்து கீழே ஓடிவருவதற்குள் அவர் உட்கார இடம் தேடி, நேராகப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இருபுறமும் பைகள்.

வராந்தா திரும்பும்போதே ஒரு அம்மாளின் குரல் கேட்டது.

"பாய், செத்தத் தள்ளி உக்காருங்க. மணி பத்தரை ஆகப் போகுது, பைய வைக்கணும்."

"பத்தரை ஆனா என்னம்மா?"

"ராகு காலம் வந்துரும்ல. அதுக்குத்தேன் இந்தப் பெஞ்சே. உங்காளுக வீட்டுப் பொண்ணு ஒண்ணு இங்க படிக்குது பாய், நல்ல புள்ள. அதுதேன் எங்களுக்கு நல்ல நேரம் பாத்து இந்த ஏற்பாட்டப் பண்ணிக் குடுத்துச்சாம்."

அத்தா எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு மாதம் ஓடி ஓடிச் செய்ததெல்லாம் போயிற்று, வத்தலக்குண்டுதான் என்று எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

மதர் அறைக்கு இருவரும் போனோம். அத்தா சலாம் வைத்துவிட்டு, உட்காராமலே கேட்டார்.

"மதர், தப்பா நினைக்காதீங்க. கர்த்தர் பேருல ஆஸ்பத்திரி நடத்துறீங்க. இங்க ராகு காலம் பாக்குறீங்களா?"

மதர் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"பாய், இதே கேள்வியத்தான் நானும் உங்க மககிட்டக் கேட்டேன். வேணும்னா நீங்களும் ஒரு தடவ கேளுங்க."

அத்தா என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அஞ்சு வேளை தொழுகிற வீட்டுல பொறந்துட்டு, ராகு காலம் பாத்துச் சொல்லவா உன்னைப் படிக்க அனுப்புனேன்?"

"நான் நம்பல அத்தா" என்றேன். "மதரும் நம்பல. ஆனா வந்து படுக்கிறவங்க நம்புறாங்க. நம்பாதீங்கன்னு அவங்ககிட்ட நான் சண்டை போட முடியாது. அவங்க கிளம்பலன்னா கட்டில் காலியாகாது. கட்டில் காலியாகலன்னா அடுத்து வலியோட வாரவள வாசல்ல இருந்தே திருப்பி அனுப்புறோம். போன மாசம் என் கண்ணு முன்னால அனுப்புனாங்க அத்தா. இப்ப யாரையும் அனுப்புறதில்ல. அம்புட்டுதான் நான் செஞ்சது."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

மதர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் வார்டு வாசல் தெரியும். அத்தாவிடம் பேசிய அம்மாளின் மருமகள் குழந்தையோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். மணி பத்தரை தாண்டியிருந்தது. பெஞ்சிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கேட்டைப் பார்த்து நடந்தார்கள். யாரும் 'போயிட்டு வாரோம்' என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லமாட்டார்கள். உள்ளே ஆயா அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினார். கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா அக்கா, வாசலில் காத்திருந்த ஒரு நிறைமாதப் பெண்ணைத் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

அத்தா இதையெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, மதரிடம் சொல்வதா என்னிடம் சொல்வதா என்று தெரியாமல் பேசினார்.

"எரியோட்டு வியாபாரிக இருக்காக. வெள்ளிக்கிழமை விளக்கு வச்சபிறகு வீட்டுல இருந்து ஒரு பொருளையும் வெளிய குடுக்க மாட்டாக. ஆரம்பத்துல வண்டிய அனுப்பிட்டு, அது சும்மாத் திரும்பி வர, சண்டை போட்டிருக்கேன். இப்பல்லாம் நான் வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புறதே இல்ல. சனிக்கிழமை விடியக்காலம் அனுப்புறேன். தோலும் கெடாது, அவுக மனசும் கெடாது."

"அப்ப நீங்களும் நாள் பாக்குறீங்கன்னு சொல்லுங்க பாய்" என்றார் மதர். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அஸ்தஃபிருல்லா! அல்லா மன்னிக்கணும், நான் எங்க பாக்குறேன்?" என்றார் அத்தா. அவசரமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். என்னிடம் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் புத்தகத்தில் நோயாளி என்று ஒருவர் இருப்பார். அவர் டாக்டர் எழுதியதும் எழுந்து போய்விடுவார். அப்படி ஒரு ஆளை என் சர்வீஸில் நான் பார்க்கவில்லை. நிஜத்தில் வருகிறவருக்கு மாமியார் இருப்பார், கிழமை இருக்கும், பயம் இருக்கும், எதிரில் நிற்பவர் மனம் நோகக்கூடாது என்ற மரியாதையும் இருக்கும். அவர் கிளம்பவில்லை என்றால் அதட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். ஆட்டோ வரவில்லை என்று சொன்னால், சரி என்று போய்விட்டு மறுநாளும் வந்து கேளுங்கள். நீங்கள் நம்பாத ஒரு காரணத்துக்காகவும் ஒரு பெஞ்சு போட வேண்டி வரும். போட்டுவிடுங்கள்.

அன்று இரவு சாப்பாட்டின்போது அம்மாதான் பேச்சை எடுத்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வத்தலக்குண்டுக்காரவுக நாளைக்கு வாராக. என்ன சொல்லட்டும்?"

"இப்ப இல்லைன்னு சொல்லு. பிள்ளை இன்னும் ரெண்டு வருசம் படிக்கணும்."

"என்ன படிப்புன்னு கேட்டா?"

"மண்டி நடத்துற படிப்புன்னு சொல்லு."

"மண்டியா? ஆஸ்பத்திரின்னுல்ல சொன்னா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அத்தா. "சோத்துக்கு இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வையி."